தேடலும் பரிந்துரையும்

நுழையும்முன்

கடைக்குச் சென்று பொருள் வாங்கிய காலத்தில், கடைக்காரர் வாடிக்கையாளரின் முகம் அறிந்து பொருளை எடுத்து வைத்தார். இன்று திறன்பேசித் திரையில் இரண்டு எழுத்துகளைத் தொட்டவுடன், நாம் எண்ணிய பொருளின் பெயர் முழுமையாக வந்து நிற்கிறது. ஒரே எழுத்துகளைத் தொடும் இருவருக்கு வெவ்வேறு பெயர்கள் தோன்றுவதும் உண்டு. இஃது எவ்வாறு நிகழ்கிறது? இதனால் விளையும் நன்மைகள் யாவை? நாம் விழிப்புடன் இருக்க வேண்டிய இடங்கள் எவை? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

அங்காடியும் கொடியும்

தமிழர் வாழ்வில் அங்காடிக்குத் தொன்மையான இடம் உண்டு. பகலில் கூடிய சந்தையை நாளங்காடி என்றும் இரவில் கூடியதை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த பலவகைக் கொடிகளைப் பட்டினப்பாலை வரிசைப்படுத்திக் காட்டுகிறது. இன்னது இங்கே கிடைக்கும் என அறிவித்த கடைக்கொடியும் அவற்றுள் ஒன்று. தெருவில் நடந்தோர் அனைவர்க்கும் அக்கொடி ஒன்றாகவே தெரிந்தது.

இன்றைய இணைய அங்காடியில் தெரு இல்லை. கோடிக்கணக்கான பொருள்களுக்கும் ஒரே வாயில்தான் உண்டு. அவ்வாயிலே தேடுபெட்டி. அதில் எழுத்துகளை உள்ளிடும்போது கீழே விரியும் பட்டியலே இன்றைய கொடி. ஆனால், இக்கொடி பார்ப்பவர்க்கு ஏற்ப மாறுகிறது. ஒருவருடைய விருப்பம், பழக்கம், இடம் ஆகியவற்றை அறிந்து அதற்கேற்பப் பரிந்துரைகளை அமைக்கும் இம்முறையைத் தனிப்பயனாக்கம் என்பர்.

நினைவு பெற்ற கடை

இங்கிலாந்தைச் சேர்ந்த மைக்கேல் ஆல்ட்ரிச், 1979இல் தொலைக்காட்சியைத் தொலைபேசி இணைப்பின்வழிக் கணினியுடன் இணைத்து, வீட்டிலிருந்தே பொருள் வாங்கும் முறையை உருவாக்கினார். வையக விரிவு வலை பரவிய பின்னர் இணைய வணிகம் விரைந்து வளர்ந்தது. அமேசான் நிறுவனம் 1995இல் நூல் விற்பனையுடன் தன் இணையக் கடையைத் திறந்தது. இந்தியாவில் ஃபிளிப்கார்ட் நிறுவனமும் 2007இல் நூல் விற்பனையிலிருந்தே தொடங்கியது.

தொடக்கக் கால வலைத்தளங்களுக்கு நினைவு இல்லை. ஒரு பக்கத்தைப் பார்த்தவர் அடுத்த பக்கத்திற்குச் சென்றால், அவர் முன்பு வந்தவரே என்பதைச் சேவையகம் அறியாது. கடையில் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் கடைக்காரர் நம்மை மறந்துவிடுவதைப் போன்ற நிலை அது. இக்குறையைப் போக்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுலி 1994இல் ஒரு வழியைக் கண்டார். வலைத்தளம் தரும் சிறு குறிப்பை உலாவியே சேமித்து வைத்து, அடுத்த முறை செல்லும்போது திருப்பிக் காட்டும். குக்கி எனப்படும் இக்குறிப்பு, வாங்குவதற்காகத் தேர்ந்தெடுத்த பொருள்களை நினைவில் வைக்கும் தேவையிலிருந்தே பிறந்தது. கடை நினைவு பெற்றதும் தனிப்பயனாக்கத்திற்கான கதவு திறந்தது.

உள்ளிடும்போதே சொற்களை ஊகித்துக் காட்டும் வசதி, தேடுபொறிகளில் பின்னரே பரவியது. கூகுள் நிறுவனப் பொறியாளர் கெவின் கிப்ஸ் உருவாக்கிய இவ்வசதி 2004 டிசம்பரில் சோதனை முறையில் வெளியிடப்பட்டது. இணைய அங்காடிகளும் இதனைத் தம் தேவைக்கேற்ப வளர்த்துக்கொண்டன.

சொற்களின் மரம்

தேடுபெட்டியில் ஓர் எழுத்தைத் தொட்டவுடன், அச்செய்தி தொலைவிலுள்ள சேவையகத்தை அடைகிறது. கண் இமைக்கும் நேரத்திற்குள் பட்டியல் திரும்பி வருதல் வேண்டும். தாமதமானால், பட்டியல் வருவதற்குள் வாடிக்கையாளர் சொல்லை முழுவதுமாகத் தட்டச்சு செய்து முடித்துவிடுவார். இவ்விரைவுக்கு உதவுவது சொற்களை மரம்போல் அடுக்கும் முறையாகும். 1960இல் எட்வர்டு ஃபிரெட்கின் என்னும் கணினி அறிஞர் இவ்வமைப்பை விளக்கி அதற்குப் பெயரும் இட்டார்.

மரத்தின் வேரிலிருந்து ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கிளை பிரிகிறது. ‘க’ என்னும் கிளையில் சென்று, அங்கிருந்து ‘ட’ என்னும் கிளையில் திரும்பினால், ‘கட’ எனத் தொடங்கும் சொற்கள் அனைத்தும் அக்கிளையின்மேல் இருக்கும். மற்றச் சொற்களைக் கணினி திரும்பியும் பார்ப்பதில்லை. ஆயிரம் பக்க அகராதியை முதலிலிருந்து புரட்டாமல், உரிய எழுத்தின் பக்கத்தை நேரே திறப்பது போன்றது இது.

கிடைத்த சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். திரையில் இடமோ ஏறத்தாழ பத்துச் சொற்களுக்கே உண்டு. ஆகவே, எதை மேலே வைப்பது என்னும் தரவரிசை தேவைப்படுகிறது. பலரும் தேடிய சொல் எது, அண்மையில் மிகுதியாகத் தேடப்பட்டது எது, இப்போதைய பருவம் எது என்பன முதலில் கணக்கில் கொள்ளப்படுகின்றன. ‘பா’ என்று தொடங்கினால் பொங்கலை ஒட்டிய நாள்களில் ‘பானை’ மேலே வரலாம்; பள்ளி திறக்கும் நாள்களில் ‘பாடநூல்’ முந்தலாம்.

எழுத்துப் பிழையையும் பெட்டி பொறுத்துக்கொள்கிறது. ஒரு சொல்லை மற்றொரு சொல்லாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது இதற்கான வழி. உருசிய அறிஞர் விளாடிமிர் லெவன்ஷ்டைன் 1965இல் இதனை வரையறுத்தார். ‘தலையனை’ என்று உள்ளிட்டவர் ‘தலையணை’ என்னும் சொல்லிலிருந்து ஓர் எழுத்துத் தொலைவிலேயே இருக்கிறார். ஆகவே, கணினி அவரை எளிதில் சரியான சொல்லுக்கு அழைத்துச் செல்கிறது.

ஒரு தொடக்கம், பல முடிவு

இதுவரை கூறியவை எல்லார்க்கும் பொதுவானவை. தனிப்பயனாக்கம் இதற்குமேல் தொடங்குகிறது.

மூவர் ‘பட்டு’ என்று உள்ளிடுவதாகக் கொள்வோம். முதலாமவர் சற்றுமுன் திருமண அழைப்பிதழ்களைப் பார்த்தவர். அவருக்குப் ‘பட்டுப்புடவை’ முதலில் தோன்றுகிறது. இரண்டாமவர் குழந்தைக்கான உடைகளை வாங்கி வருபவர். அவருக்குப் ‘பட்டுப்பாவாடை’ வருகிறது. மூன்றாமவர் வேளாண் கருவிகளையும் மல்பெரி வளர்ப்பு நூல்களையும் வாங்கியவர்; அவருக்குப் ‘பட்டுப்புழு வளர்ப்புத் தட்டு’ மேலே நிற்கிறது.

இம்முடிவுக்குக் கணினி இருவகைத் தரவுகளைப் பயன்படுத்துகிறது. ஒன்று, நீண்ட காலப் பழக்கம்: வாங்கியவை, விரும்பும் விலை, உடையின் அளவு, பொருள் சேர வேண்டிய ஊர் முதலியன. மற்றொன்று, இப்போதைய நோக்கம்: கடந்த சில நிமிடங்களில் பார்த்த பக்கங்கள், தேடிய சொற்கள், நீக்கிய பொருள்கள் முதலியன. ஆண்டு முழுவதும் நூல் வாங்கியவர் இன்று சமையல் பாத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், இன்றைய நோக்கத்திற்கே முதலிடம் தருதல் வேண்டும். இவ்விரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதைக் கடந்தகாலத் தேடல்களிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்கிறது. இதனை இயந்திரக் கற்றல் என்பர்.

புதிதாக வந்தவரைப் பற்றிக் கணினிக்கு ஒன்றும் தெரியாது. அந்நிலையில் பிறருடைய பழக்கம் கைகொடுக்கிறது. ஒத்த விருப்பம் உடையவர்களின் தேர்வைக்கொண்டு ஒருவருக்குப் பரிந்துரைப்பது கூட்டு வடிகட்டல் எனப்படும். 1994இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினர், இணையச் செய்திகளைத் தேர்ந்தெடுக்க இம்முறையைப் பயன்படுத்திக் காட்டினர். கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவது கணினிக்கும் பெருஞ்சுமை. எனவே, அமேசான் நிறுவனத்தார் மனிதரை மனிதரோடு ஒப்பிடாமல் பொருளைப் பொருளோடு ஒப்பிட்டனர். கிரெக் லிண்டன் உள்ளிட்ட மூவர் 2003இல் வெளியிட்ட கட்டுரை இம்முறையை விளக்குகிறது. தோசைக்கல் வாங்கியோர் பலர் தோசைத் திருப்பியும் வாங்கினர் எனில், அவ்விரு பொருள்களும் நெருங்கியவை என முன்கூட்டியே கணித்து வைக்கப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

தமிழ் இலக்கணப்படி ‘ட், ட, டி’ ஆகியவை வெவ்வேறு எழுத்துகள். ஒருங்குறியில் ‘டி’ என்பது ‘ட’ என்னும் குறியும் இகரக் குறியும் சேர்ந்தது. ‘ட்’ என்பது ‘ட’ என்னும் குறியும் புள்ளியும் சேர்ந்தது. ஆகவே, ‘கட’ என்று உள்ளிட்டால் கணினியின் கணக்கில் ‘கடலை’, ‘கடிகாரம்’, ‘கட்டில்’ ஆகிய மூன்றும் பொருந்துகின்றன. மூன்றும் ஒரே இரு குறிகளில் தொடங்குவதே காரணம்.

தமிழில் தேடும்போது

ஃபிளிப்கார்ட், அமேசான் ஆகிய நிறுவனங்கள் 2020இல் தமிழில் தம் சேவையைத் தொடங்கின. ஆனால், மொழிபெயர்த்த பக்கங்களைக் காட்டுவது வேறு. தமிழில் தேடுவோரைப் புரிந்துகொள்வது வேறு. தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘புடவை, புடவைகள், புடவையை, புடவைக்கு’ என ஒரே பெயர் பல வடிவங்களைப் பெறுகிறது. அவற்றின் அடிச்சொல் ஒன்றே என்று கணினிக்குக் கற்பித்தல் வேண்டும். மேலும், ஒகர உயிர்மெய்யை ஒரே குறியாலும் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. இவற்றை ஒன்றாக்கிய பின்னரே தேடல் தொடங்க முடியும். பலர் தமிழ்ச்சொல்லை ஆங்கில எழுத்துகளில் உள்ளிடுகின்றனர் என்பதையும் கருத வேண்டும்.

வட்டார வழக்கு மற்றொரு சிக்கல். துடைப்பம், விளக்குமாறு, வாரியல் என ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறது. இங்கே வாடிக்கையாளரின் தேர்வே ஆசிரியர் ஆகிறது. வெவ்வேறு சொற்களைத் தேடியவர்கள் இறுதியில் ஒரே பொருளை வாங்கினால், அச்சொற்கள் ஒருபொருள் குறித்தவை என்பதைக் கணினி உய்த்துணர்கிறது. தமிழில் தேடுவோர் பெருகப் பெருக, தமிழின் சொல்வளம் கணினிக்கும் புலனாகும்.

பரிந்துரையின் எல்லைகள்

பட்டியலில் மேலே உள்ள சொல்லையே பெரும்பாலோர் தொடுகின்றனர். அச்சொல் பொருத்தமானது என்பதால் தொட்டனரா, மேலே இருந்ததால் தொட்டனரா என்பதை எண்ணிக்கையை மட்டும் வைத்து அறிய முடியாது. ஆனால், தொட்ட எண்ணிக்கை உயர்ந்தால் அச்சொல் மறுநாளும் மேலேயே நிற்கும். இச்சுழல் தொடர்ந்தால் புகழ்பெற்றது மேலும் புகழ் பெறும். அறியப்படாதது அறியப்படாமலே போகும். ‘சேலை’ என்று தேடுபவருக்கு நெகமம் பருத்திச் சேலையின் பெயரைப் பட்டியல் காட்டவில்லை எனில், அப்பெயரை முன்பே அறியாதவர் அதைத் தேடவும் மாட்டார். நெசவாளர் ஒருவரின் உழைப்பு, கடையில் இருந்தும் காணப்படாமல் போகும். இதைத் தவிர்க்க, குறைவாகக் காணப்பட்டவற்றுக்கும் அவ்வப்போது இடம் தந்து சோதிக்கும் முறையைப் பொறியாளர்கள் கையாள்கின்றனர்.

ஒருவர் முன்பு விரும்பியதையே மீண்டும் மீண்டும் காட்டினால் அவருடைய உலகம் சுருங்கிவிடும். இந்நிலையை அமெரிக்க எழுத்தாளர் எலி பாரிசர் 2011இல் வடிகட்டிக் குமிழி எனப் பெயரிட்டு விளக்கினார். நண்பருக்குப் பரிசளிக்க ஒருமுறை மீன்பிடி தூண்டில் வாங்கியவருக்குப் பல நாள்கள் தூண்டில்களே தோன்றுவது இதன் எளிய வடிவம்.

விலையும் ஆளுக்கேற்ப மாறுமோ என்னும் ஐயமும் எழுந்தது. 2000இல் அமேசான் தளத்தில் ஒரே டி.வி.டி.க்கு வெவ்வேறு வாடிக்கையாளர்கள் வெவ்வேறு விலை கொடுத்தது தெரியவந்தது. அது வாடிக்கையாளரைப் பற்றிய விவரங்களின் அடிப்படையில் செய்ததன்று, தற்செயல் முறையில் செய்த விலைச் சோதனை என நிறுவனம் விளக்கியது. மிகுதியாகக் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பியும் அளித்தது. நம்பிக்கை குலைந்தால் வணிகம் நிலைக்காது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

தேடிய சொல்லே அடையாளம்

ஒருவர் தேடும் சொற்கள் அவர் யாரிடமும் கூறாத செய்திகளையும் தாங்கியிருக்கும். நோய், கடன், அச்சம், ஏக்கம் ஆகிய யாவும் தேடுபெட்டிக்குள் வருகின்றன. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம், ஆய்வாளர்களின் பயன்பாட்டிற்காக ஏறத்தாழ 6.5 லட்சம் பேரின் 2 கோடித் தேடல்களை வெளியிட்டது. பெயர்களுக்கு மாற்றாக எண்கள் இடப்பட்டிருந்தன. ஆயினும், ஓர் எண்ணுக்குரிய தேடல்களைத் தொகுத்துப் படித்த நாளிதழ் ஒன்று, அவற்றைத் தேடிய பெண்மணியின் வீட்டைச் சில நாள்களிலேயே கண்டறிந்தது. ஊர், குடும்பப் பெயர், உடல்நலக் குறை ஆகியவை சிதறிய சொற்களாக இருந்தும், ஒன்றுசேர்ந்தபோது ஒரு மனிதரைச் சுட்டிக்காட்டின. பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது என்பதை உலகம் அன்று கண்டது.

நம் நாட்டில் ஒரே திறன்பேசியை வீட்டில் உள்ள பலரும் பயன்படுத்துவது இயல்பு. அக்காள் தேடிய மருத்துவப் பொருள், தம்பி ஒரெழுத்தைத் தொட்டவுடன் திரையில் தோன்றலாம். கணினிக்கு அது வெறும் கணிப்பு. தேடியவர்க்கு அது தன்மதிப்பைத் தொடும் செய்தி. ஆகவே, உடல்நலம் போன்றவற்றைப் பரிந்துரையிலிருந்து விலக்கி வைப்பது தொழில்நுட்பம் வகுப்போரின் கடமையாகிறது.

சட்டத்தின் காவல்

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு, 2017 ஆகஸ்ட் 24 அன்று, தனியுரிமை அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. வாழ்வுரிமையைக் கூறும் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பில் அஃது அடங்கியுள்ளது என அத்தீர்ப்பு உரைத்தது. அதன் தொடர்ச்சியாக நாடாளுமன்றம் 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஒருவருடைய தரவைப் பெறுவதற்கு அவருடைய தெளிவான ஒப்புதல் வேண்டும். தரவைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமை அவருக்கு உண்டு. பதினெட்டு வயது நிறையாதோரின் நடவடிக்கைகளைப் பின்தொடர்வதையும் அவர்களை இலக்காகக் கொண்டு விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் தடுக்கிறது. மேல்நிலை வகுப்பு மாணவர் பலரும் இப்பாதுகாப்பிற்கு உரியவர் ஆவர்.

2020இல் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், பொருள்களையும் விற்பனையாளர்களையும் எவ்வடிப்படையில் வரிசைப்படுத்துகின்றனர் என்பதை இணையச் சந்தைகள் விளக்க வேண்டும் எனப் பணிக்கின்றன. நுகர்வோரைத் தந்திரமாகத் தூண்டும் 13 வகை வடிவமைப்புகளை 2023ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்கள் பட்டியலிட்டுள்ளன. ‘இன்னும் ஒன்றே உள்ளது’ எனப் பொய்யான அவசரம் காட்டுவது அவற்றுள் ஒன்று. குறை இருப்பின் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

விழிப்புள்ள நுகர்வோர்

பரிந்துரைப் பட்டியலில் விளம்பரம் என்னும் குறிப்பு உள்ளதா எனக் காணுதல் வேண்டும். வேண்டிய சொல்லை முழுமையாக உள்ளிட்டுத் தேடுதலும், விலை, மதிப்பீடு ஆகியவற்றின்படி வரிசையை நாமே மாற்றிப் பார்த்தலும் நல்ல பழக்கங்கள். செயலியின் அமைப்புகளில் தேடல் வரலாற்றை நீக்கும் வசதி உண்டு. அதனை அவ்வப்போது பயன்படுத்தலாம். உலாவியின் மறைநிலைச் சாளரம் நம் கருவியில் வரலாற்றைச் சேமிக்காது. எனினும், கணக்கில் உள்நுழைந்தபின் தேடியவற்றை அங்காடி அறியும் என்பதை மறத்தல் கூடாது.

பொருளைத் தேடும் உழைப்பைக் குறைப்பது பரிந்துரையின் பணி. வேண்டுமா, வேண்டாவா என முடிவெடுப்பது நம் பணி. அன்று கொடியைக் கண்டவர்கள் எல்லாக் கடைகளிலும் நுழைந்துவிடவில்லை. தேவையறிந்து, விலை கேட்டு, தரம் பார்த்து வாங்கினர். அதே தெளிவுடன் திரையின் கொடியையும் காணப் பழகுவோர், தொழில்நுட்பத்தின் பயனை முழுமையாகப் பெறுவர்.

கலைச்சொல் அறிவோம்

தனிப்பயனாக்கம் – ஒருவருடைய விருப்பத்திற்கும் பழக்கத்திற்கும் ஏற்பச் சேவையை அமைத்தல்
கூட்டு வடிகட்டல் – ஒத்த விருப்பம் உடைய பலரின் தேர்வைக்கொண்டு பரிந்துரைத்தல்
குக்கி – வலைத்தளம் உலாவியில் சேமிக்கும் சிறு குறிப்பு
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் வழங்கும் பொதுக் குறியீட்டு முறை

கற்பவை கற்றபின்...

1. ஒரே தொடக்க எழுத்துகளை இருவேறு திறன்பேசிகளில் உள்ளிட்டு, தோன்றும் பரிந்துரைகளை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் வட்டாரத்தில் ஒரே வீட்டுப்பொருளுக்கு வழங்கும் வெவ்வேறு பெயர்களைத் தொகுத்து, அவற்றுள் எவை இணைய அங்காடியில் பொருளைக் காட்டுகின்றன எனக் கண்டறிக.
3. ‘பரிந்துரை நம் தேர்வை எளிதாக்குகிறது – நம் தேர்வைச் சுருக்குகிறது’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.